1098: குழந்தைத் தொழிலாளர் புகாருக்கு இந்த எண் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

குழந்தை வேலை பார்ப்பதைக் கண்டால் முதலில் அழைக்க வேண்டிய எண் 1098தான். கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்த மாட்டார்கள். இருந்தும் இதே எண்ணை அழைத்த ஒருவர் "மறுநாளே வந்து பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்பார். இன்னொருவர் "ஃபோன் பண்ணி என்ன பிரயோஜனம், அடுத்த மாசமே அதே பையன் அதே பட்டறையில நிக்கிறான்" என்பார். இரண்டுமே உண்மை. முதலாவது நடப்பது அழைப்பவர் கொடுக்கும் தகவலைப் பொறுத்தது. இரண்டாவது நடப்பது மீட்புக்குப் பிந்தைய மூன்று மாதத்தில் ஊரும் அதிகாரிகளும் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. மீட்புக்கு இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். மீட்ட பிள்ளையைப் பள்ளியில் நிலைக்கவைப்பதற்கு அவ்வளவு கொடுக்க முடியாது.

முதலில் அமைப்பு. 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாக ஜெரூ பில்லிமோரியா தொடங்கியது இது. 1999இல் இதை நாடு முழுக்க ஒருங்கிணைக்க சைல்ட்லைன் இந்தியா ஃபவுண்டேஷன் உருவானது. அதன்பின் பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்கள்தான் இதை நடத்தின. 2023 முதல் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாநில அரசுகளிடம் வந்துவிட்டது. அவசர எண் 112 உடனும் இணைத்துவிட்டார்கள். இப்போது அழைப்பு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இயங்கும் உதவி மையத்துக்கு வரும்.

இந்த மாற்றத்தால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. முன்பு களத்துக்கு வந்த தொண்டு நிறுவன ஊழியரை முதலாளி வாசலிலேயே நிறுத்தி "நீ யாரு கேக்க?" என்று திருப்பி அனுப்ப முடிந்தது. இப்போது வருவது ஆட்சியரின் கீழ் இயங்கும் அலகு. வருவாய்த் துறையையும் தொழிலாளர் துறையையும் சேர்த்து அழைத்து வருவது எளிது. நஷ்டம் என்னவென்றால், அந்தப் பகுதித் தொண்டு நிறுவனத்தில் ஃபோனை எடுத்தவருக்குச் சந்து பொந்தெல்லாம் தெரியும். தலைநகரில் உட்கார்ந்து எடுப்பவருக்கு உங்கள் ஊர்ப் பெயரே புதிதாக இருக்கலாம். எல்லையோர ஊர்களில் கைபேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் அழைப்பும் அங்கேயே போய்ச் சேரலாம். எதிர்முனையில் வேறு மொழி கேட்டால் பதறாமல் மாநிலத்தையும் மாவட்டத்தையும் முதலில் சொல்லுங்கள், மாற்றிவிடுவார்கள்.

மாவட்ட உதவி மையத்தின் ஆள்பலத்தையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர், மேற்பார்வையாளர்கள், களப்பணியாளர்கள் என எல்லோரும் சேர்ந்தாலும் பத்துப் பேர் தேற மாட்டார்கள். அதை ஷிப்ட்டுகளாகப் பிரித்தால் ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று பேர். ஒரு மாவட்டம் முழுக்க ஓடிப்போன பிள்ளை, குழந்தைத் திருமணம், பாலியல் துன்புறுத்தல் என எல்லாப் புகாருக்கும் இவர்கள்தான் போக வேண்டும். உங்கள் தகவல் தெளிவாக இருந்தால் இவர்களின் ஒரு பயணம் மிச்சம். தெளிவில்லாவிட்டால் ஒருமுறை வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

எப்படிச் சொல்ல வேண்டும்

"அங்க ஒரு கம்பெனில சின்னப் பசங்க வேலை பாக்குறாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. வேலைக்கு ஆகும் அழைப்பு இப்படி இருக்கும்:

"மெயின் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மார்க்கெட் போற ரோட்டுல மாரியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது இடது சந்து. போர்டு இல்ல, நீல ஷட்டர். மாடிப்படி பின்பக்கம். உள்ளே கொலுசு பட்டறை. நாலு பையன், ஒரு பொண்ணு. ஒருத்தனுக்குப் பத்து வயசுதான் இருக்கும். காலைல எட்டு மணிக்கு உள்ளே போனா ராத்திரி ஒம்பதுக்குத்தான் வெளிய வர்றாங்க. ஞாயித்துக்கிழமை லீவு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா எல்லாரும் இருப்பாங்க. ரெண்டு பேர் அங்கயே தங்குறாங்க, அவங்க இந்தி பேசுறாங்க."

இதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் வேலை உண்டு. போர்டு இல்லை என்று சொல்லாவிட்டால் பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டே தெருவில் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் செய்தி உள்ளே போய்விடும். பின்பக்கப் படி தெரியாவிட்டால் முன்னால் ஷட்டரைத் தட்டும்போதே பிள்ளைகளைப் பின்னால் இறக்கி விட்டுவிடுவார்கள். இது அடிக்கடி நடப்பது. பெண் பிள்ளை இருக்கிறாள் என்றால் குழுவில் பெண் அலுவலர் வர வேண்டும். இந்தி, ஒடியா என்று மொழி சொன்னால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வருவார்கள். மொழிபெயர்க்க ஆளில்லாமல் போனால் பிள்ளையின் வாக்குமூலத்தை முதலாளியின் மேஸ்திரியே 'மொழிபெயர்த்து'ச் சொல்லும் கொடுமையும் நடக்கும். தங்குகிறார்கள் என்பது மிக முக்கியமான தகவல்: முன்பணம் கொடுத்து அடைத்து வைத்திருக்கலாம், அப்படியானால் சட்டமே வேறு. வேன், ஆட்டோவில் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால் வண்டி எண்ணும் நேரமும் சொல்லுங்கள்.

அழைப்பை முடிக்கும் முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில்லாமல் மறுபடி அழைத்தால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி நிலவரம் கேட்கலாம். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்பதற்கு மேல் பிள்ளையைப் பற்றி விவரம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு, குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை போடுகிறது. இது உங்களுக்கும் பொருந்தும். பட்டறைக்குள் வேலை செய்யும் பிள்ளையின் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவது உதவி ஆகாது. தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒருபுறம். படம் சுற்றத் தொடங்கிய அரை மணி நேரத்தில் அது முதலாளி கைக்கும் போய்விடும், பட்டறை காலியாகிவிடும்.

முதலாளியிடம் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். பிள்ளையைத் தனியே பிடித்து வயது, ஊர் கேட்கவும் வேண்டாம். கேட்டது தெரிந்தால் அன்றிரவு அடி வாங்கப்போவது அந்தப் பிள்ளை. சின்ன ஊரில் இன்னொரு கவலையும் உண்டு: பெயரே சொல்லாவிட்டாலும், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து மட்டுமே தெரியும் விவரத்தைச் சொன்னால் யார் சொன்னது என்று ஊகித்துவிடுவார்கள். அப்படி இருந்தால் அதையும் எடுப்பவரிடமே சொல்லுங்கள். விசாரணையில் அந்த விவரத்தைத் தவிர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதுவார்கள்.

சைல்ட்லைன் காலத்தில் அறுபது நிமிடத்துக்குள் பிள்ளையை அடைய வேண்டும் என்று ஓர் இலக்கு இருந்தது. நடுரோட்டில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைக்கு அது சரி. பட்டறைக்கு அது சரிப்படாது. தொழிலாளர் துறை, காவல் துறை, வருவாய்த் துறை எல்லாம் சேர்ந்து திட்டமிட்டுப் போக வேண்டும். அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். அன்றே யாரும் வரவில்லை என்று கோபப்பட வேண்டாம். ஆனால் அடிக்கிறார்கள், பூட்டி வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றப் போகிறார்கள் என்றால் அதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். 112க்கு மாற்றி உடனே போலீஸை அனுப்ப வழியிருக்கிறது.

வயது, சட்டம், முதலாளியின் பதில்கள்

புகார் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயதுதான். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. டீக்கடை, வீட்டு வேலை, ஒர்க் ஷாப் எல்லாமே அடங்கும். இதற்கு இரண்டே விதிவிலக்கு: பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது, திரை, விளம்பரத் துறையில் நிபந்தனைகளோடு நடிப்பது (சர்க்கஸ் கூடாது). 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழிற்சாலைப் பணிகளில் வைக்கக் கூடாது.

"எங்க அண்ணன் பையன்தான் சார், லீவுல வந்திருக்கான்" என்பது வழக்கமான பதில். பள்ளி வேலை நாளில், பள்ளி நேரத்தில் பிள்ளை பட்டறையில் இருந்தால் இந்தப் பதில் செல்லாது. அதனால்தான் புகாரில் கிழமையும் நேரமும் குறிப்பிட வேண்டும். மே மாதத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ரெய்டு போனால் முதலாளிக்கு இந்த வாசல் திறந்துவிடும்.

அதிகம் கவனிக்காமல் விடுவது 14-18 வயதினரின் வேலை நேரம். பதினைந்து வயதுப் பெண் ஜவுளிக்கடையில் நிற்பதைப் பார்த்து "சட்டம் அனுமதிக்குது, ஒண்ணும் பண்ண முடியாது" என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கூடாது. வாரம் ஒருநாள் விடுமுறை. பதிவேடு வைத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இரவு பத்து மணிக்கு ஒரு பெரிய கடைக்குள் போய்ப் பாருங்கள், இதில் எத்தனை மீறல் என்று தெரியும். அப்படிப் புகார் செய்யும்போது வயதைவிட நேரத்தை அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆதார் அட்டை. முதலாளி முதலில் நீட்டுவது அதைத்தான். பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருந்தால் சந்தேகப்படலாம். தேதி தெரியாதவர்களுக்கு அப்படிப் போடப்படுவது எல்லோருக்கும் தெரிந்ததே. வயதைத் தீர்மானிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 94வது பிரிவு ஒரு வரிசை சொல்கிறது: முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அதிலும் ஓரிரு வருடம் முன்பின் இருக்கும் என்பதால், பள்ளிப் பதிவைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போவது பிள்ளைக்குப் பாதகமாக முடியலாம். ஒரு நாளாவது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண் இருக்கும், சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். ஊரும் பள்ளியும் தெரிந்தால் தலைமையாசிரியரிடமிருந்து அந்தத் தகவல் வர அரை நாள் போதும். தகவல் கொடுப்பவர் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்ல முடிந்தால் வழக்கே வலுவாகிவிடும்.

ரெய்டுக்குப் பிறகு

பிள்ளையை மீட்டால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. சமூக ஆய்வறிக்கை வாங்கி, பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுப்பது இவர்கள்தான். இது வரைக்கும் சேவை ஓரளவு ஒழுங்காகவே நடக்கிறது. இனிதான் சறுக்கல்.

முதல் சறுக்கல் காவல் நிலையத்தில். குழந்தையை வேலைக்கு வைப்பது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. ஆனால் முதல் முறை என்றால் அதிகபட்ச அபராதத்தில் பாதியைக் கட்டிச் சமரசம் செய்துகொள்ள சட்டமே வழிவிடுகிறது. 25,000 ரூபாய் கட்டிவிட்டு முதலாளி வெளியே வந்துவிடலாம். வரவு செலவில் அதை ஒரு செலவாக எழுதிக்கொள்ளும் தொழில்களுக்கு இது தண்டனையே இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். இதைத் தாண்ட ஒரு வழி, உண்மைக்கு ஏற்ற மற்றப் பிரிவுகளும் எஃப்.ஐ.ஆரில் ஏறுவது: அடித்திருந்தால் அதற்கு, அடைத்து வைத்திருந்தால் அதற்கு, ஊரிலிருந்து ஆசைகாட்டி அழைத்து வந்திருந்தால் ஆள்கடத்தலுக்கு, முன்பணம் கொடுத்திருந்தால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு. பிள்ளையின் வாக்குமூலத்தில் இவை வரவில்லை என்றால் எஃப்.ஐ.ஆரிலும் வராது. மீட்ட அன்றே, களைப்போடும் பயத்தோடும் இருக்கும்போது வாங்கும் வாக்குமூலத்தில் பாதி விட்டுப்போகும். ஆலோசகர் பேசிய பிறகு, ஒரு நாள் கழித்து மறுபடி கேட்பதே சரி.

கொத்தடிமை என்றால் கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டும். இந்த ஒரு தாளை வாங்காமல் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் போச்சு. அது இருந்தால்தான் பெற்றோர் வாங்கிய முன்பணக் கடன் சட்டப்படி ரத்து ஆகும். முதலாளியின் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்று "பணத்தைக் கொடு, இல்லேன்னா பையனை அனுப்பு" என்று கேட்க முடியாது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் கொத்தடிமையாக இருந்த குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. முழுத் தொகையும் வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உடனடி நிவாரணத்துக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைச் சான்றோடு சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

கொத்தடிமை இல்லாத வழக்குகளிலும் பிள்ளைக்குச் சேர வேண்டிய பணம் இருக்கிறது. முதலாளியிடம் வசூலித்த அபராதமும், அரசு சேர்க்கும் 15,000 ரூபாயும் மறுவாழ்வு நிதியில் பிள்ளை பெயரில் போட வேண்டும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை முன்வைத்து எழுந்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளியிடம் வசூலிக்கச் சொன்னது. குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை, அது முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. இது போகக் கொடுக்காமல் வைத்த கூலி. குறைந்தபட்சக் கூலிப்படி எத்தனை மாதம், எவ்வளவு பாக்கி என்று தொழிலாளர் ஆய்வாளர் கணக்குப் போட வேண்டும். பிள்ளையின் கணக்கும் முதலாளியின் கணக்கும் ஒத்துப்போகாது. வேலைக்குச் சேர்ந்தது பொங்கலுக்கு முன்னா பின்னா, எந்தத் திருவிழாவுக்கு ஊருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் மாதத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்கை யாரும் கேட்காமல் விட்டால் யாரும் போட மாட்டார்கள்.

இரண்டாவது சறுக்கல் வீட்டில். பெற்றோரை வரவழைத்து, "இனி வேலைக்கு அனுப்ப மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை ஒப்படைப்பதோடு பல கோப்புகள் முடிந்துவிடுகின்றன. வீட்டில் கடன் அப்படியே இருக்கும். அப்பாவுக்கு முடியாமல் இருக்கும். படிப்பு விட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். எழுதிக் கொடுத்த தாளால் இதில் ஒன்றும் மாறாது. மூன்று மாதத்துக்குள் பிள்ளை மறுபடி வேலைக்குப் போகிறது, இந்தத் தடவை இன்னும் தூரத்தில், இன்னும் மறைவாக. இந்தச் சேவையில் நாங்கள் மனமுடைவது இந்த இடத்தில்தான்.

இதைத் தடுக்கக் கையில் இருக்கும் கருவிகள் இவை. மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு: மாதம் 4,000 ரூபாய், குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருந்தால். குழந்தைத் தொழிலாளராக மீட்கப்பட்ட பிள்ளைகள் இதற்குத் தகுதியானவர்கள். ஆனால் தானாக வந்து சேராது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் போய், நிதி ஆதரவுக்கான குழு ஒப்புதல் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கும் வருமானச் சான்றும் தயாராக இல்லாததால்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தேங்குகின்றன. பிள்ளை இல்லத்தில் இருக்கும் அந்தச் சில நாட்களிலேயே இவ்விரண்டையும் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பள்ளி விஷயத்தில் சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். டி.சி. இல்லை என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையை எட்டாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, வாசிக்கத் தெரியாமல் அது தவிப்பதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்கள் இதற்காகவே இருந்தன. வகுப்போடு மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் தந்தன. அந்தத் திட்டத்தைச் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைத்த பிறகு தனி மையமும் அந்த உதவித்தொகையும் இல்லாமல் போனது பெரிய இழப்பு. இப்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பள்ளியின் மேலாண்மைக் குழுவும் சிறப்புப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட ஆசிரியரும்தான். மீட்கப்பட்ட பிள்ளை சேர்ந்திருக்கிறது என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமலே பேசி, பொறுப்பாக ஒரு ஆசிரியரைக் குறித்துவிடலாம். மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மிகத் தாமதம்.

பென்சில் தளம்

குழந்தைத் தொழிலாளர் புகாருக்காக மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2017 செப்டம்பர் 26 அன்று தொடங்கிய இணையதளம் இது. புகார் பதிந்ததும் நேராக மாவட்டப் பொறுப்பு அலுவலருக்குப் போகும். அவர் 48 மணி நேரத்துக்குள் உண்மை அறிந்து, போலீஸோடு சேர்ந்து மீட்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்துப் பதிவு இருக்கும் என்பதால் பின்னால் கேள்வி கேட்க உதவும். செங்கல் சூளை, கல் குவாரி போல நாளை காலையில் காணாமல் போகாத இடங்களுக்கு இது நல்ல துணை. அவசரத்துக்கு உதவாது. ஃபோனில் எதிர்முனையில் இருப்பவர் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் விவரங்களை இங்கே நீங்களே நினைவாக எழுத வேண்டும். முதலில் 1098இல் சொல்லிவிட்டு, அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு இதிலும் பதிவு செய்வதே எங்கள் பரிந்துரை. இரண்டு துறைக்கும் தெரிந்துவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டு உட்கார முடியாது.

எண்ணுக்கு எட்டாத வேலைகள்

பட்டறை, கடை, சூளைக்கு 1098 பொருந்தும். வயல்வெளிக்கும் மேய்ச்சலுக்கும் வீட்டு வேலைக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. ஆட்டுக்கிடை போடுபவர்களிடமும் வாத்து மேய்ப்பவர்களிடமும் முன்பணத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருப்பார்கள். இன்று பார்த்த இடத்தில் நாளை மறுநாள் கிடை இருக்காது. இதற்குப் புகாரில் சொல்ல வேண்டியது கிடையின் இன்றைய இடம் மட்டும் போதாது. எந்த நிலத்துக்காரர் கிடை போடச் சொன்னார், அடுத்து யார் வயலுக்குப் போகப் போகிறது என்பதும் வேண்டும். அது நிலத்துக்காரருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் வாயைத் திறக்காதவரை எந்தக் கட்டுப்பாட்டு அறையாலும் கண்டுபிடிக்க முடியாது.

வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து அழைத்துப் போகப்படும் சிறுவர்களுக்கும் இதே கதைதான். 1098 நாடு முழுக்க ஒரே எண். அங்கே மீட்டால், அங்குள்ள குழந்தைகள் நலக் குழு சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றி அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேவைப்படுவது புறப்பட்ட இடத்தில் ஒரு பதிவு. ஊராட்சித் தலைவர் தலைமையில் இயங்க வேண்டிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு பல ஊர்களில் தீர்மானப் புத்தகத்தில் மட்டுமே கூடுகிறது. அந்தக் குழு வேறெதுவும் செய்யாவிட்டாலும் ஒரு நோட்டு போடலாம்: பிள்ளையின் பெயர், எமிஸ் எண், அழைத்துப் போன ஏஜென்ட் பெயர், அவர் கைபேசி எண், எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு, கொடுத்த முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்புவதாகச் சொன்னார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலும் பொங்கல் முடிந்த வாரத்திலும் தலைமையாசிரியர் கொடுக்கும் வராதோர் பட்டியலோடு இந்த நோட்டை ஒப்பிட வேண்டும். நோட்டை ஊராட்சி அலுவலகத்தில் பூட்டி வைக்க வேண்டும், பொதுவில் படிக்கக் கூடாது. திரும்பாத பிள்ளைக்காக 1098ஐ அழைக்கும்போது எதிர்முனை முதலில் கேட்பது எந்த மாநிலம், எந்த ஊர், யார் கூட்டிப் போனது என்பதைத்தான். மூன்றுக்கும் பதில் அந்த நோட்டில் இருக்கும்.